உள்ளீட்டுக் கருவி: இயல்புநிலை

தொண்ணூற்றொன்பது விழுக்காட்டில் நின்றது.
மூன்று முறை.
நான்காம் முறை ஒரு பிழை எண்ணைக் காட்டிவிட்டு
நாளைக்கு வா என்கிற நகராட்சி எழுத்தர்போல
முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வைரஸ் தடுப்பை அணைத்தேன்.
இடம் போதவில்லையோ என்று
நாத்தனார் கல்யாணப் படங்களைப் பென்டிரைவுக்குக் குடிபெயர்த்தேன்.
கடைசியில் திபிலிசியிலிருந்து போனில் நோதர்,
எங்கள் கணக்குக் கம்பெனியின் கணினிப் பையன், கேட்டான்:
"யூசர் ஃபோல்டருக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?"
என் பெயர்தான். லம்சீரா.
"எந்த எழுத்தில்?"
வேறெந்த எழுத்தில்? நம் எழுத்தில்.
அவன் விட்ட பெருமூச்சு இங்கே குத்தாயிசி வரை வந்தது.

திரையைப் பதிவு செய்யும் அந்த மென்பொருளுக்கு
ஜார்ஜிய எழுத்து ஆகாதாம்.
என் பெயர் கிடக்கும் பாதையில் கால் வைக்காதாம்.
ஐம்பத்திரண்டு வருடம் அந்தப் பெயரோடு
வங்கிக்கும் கல்லறைக்கும் ரேஷன் வரிசைக்கும் போய் வந்தவள்
லத்தீன் எழுத்தில் 'யூசர் ஒன்' ஆனேன்.
இரண்டே நிமிடம். வேலை முடிந்தது.

மழை.
புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைகளுக்கு
மதிப்புக்கூட்டு வரிப் படிவம் நிரப்பும் பாடம்.
சிவப்புப் பொத்தானை அழுத்தி நாற்பது நிமிடம் பேசினேன்.
இங்கே சொடுக்குங்கள், இந்தக் கட்டத்தைக்
காலியாக விடாதீர்கள், விட்டால் அபராதம்.
ஓரத்தில் பச்சைக் கோடு துள்ளியது.
என் குரல்தான் என்று நம்பினேன்.
மூச்சு வாங்க நான் நிறுத்தியபோதும்
அது துள்ளியதைக் கவனித்திருக்கலாம்.

ஓடவிட்டுப் பார்த்தேன்.
திரையில் என் அம்புக்குறி, படிவம், எல்லாம் சரி.
ஒலியில் குழாய்த் தண்ணீர்.
மூடி திறக்கும் சத்தம். அவரை கொதிக்கிறது.
பிறகு என் கணவன் கோச்சா, சட்டியிடம்:
"கொத்தமல்லி போதுமா?"

சமையலறை ஜன்னல் திட்டில், புளிப்புப் பிளம் சட்னிப் புட்டிக்குப் பக்கத்தில்,
காலையில் நான் மறந்து வைத்த ப்ளூடூத் ஹெட்செட்.
கணினி அதைத்தான் என் வாய் என்று
எடுத்துக்கொண்டிருக்கிறது.

"லம்சீரா, ஒன்று சொல்லணும்."
மூடி விழுகிறது.
"சே, இப்படி இல்லை."
அம்பு வரிவிலக்குக் கட்டத்தில் நிற்கிறது.
"பாரு லம்சீரா, அந்த வண்டி எவ்வளவு பழசு..."
தண்ணீர். நீண்ட தண்ணீர்.
"விற்றுவிட்டேன். பிப்ரவரியிலேயே. வங்கிக்காரன் வாசலுக்கு வரும் முன்னால்."
அம்பு கீழே இறங்கி, சமர்ப்பி என்ற பொத்தானைத் தேடுகிறது.

இது மே மாதம்.
தினமும் காலை ஆறு மணிக்குச் சாவியை ஆட்டிக்கொண்டு
ஸ்டேஷன் சதுக்கம் வழி மினிபஸ் ஓட்டப் போகிறேன் என்பவன்
போவது எங்கே?
அது பதிவில் இல்லை.
பன்னிரண்டாம் நிமிடத்தில் அவன் மூக்கைச் சிந்துகிறான்.
பதினாறில் கத்தி, பலகை, வெங்காயம்.
அதற்குப் பின் இருபத்து நான்கு நிமிடம் அடுப்பு மட்டும்.
அதையும் கடைசி வரை கேட்டேன்.

நோதர் மறுபடி போனில்.
"செட்டிங்ஸ் போங்கள், ஆடியோ, உள்ளீடு.
இயல்புநிலை என்று இருக்கும், அதை நம்பாதீர்கள்.
மடிக்கணினி மைக்கை நீங்களே தேர்ந்தெடுங்கள்.
பழைய கோப்பை அழித்துவிடுங்கள், இடமாவது மிஞ்சும்."
மைக்கை மாற்றினேன்.
கோப்புக்கு ஒரு பெயர் வைத்தேன்,
நம் எழுத்தில்,
எந்த மென்பொருளும் திறக்க முடியாமல் போகட்டும் என்று.
அது திறந்துகொண்டுதான் இருக்கிறது.

இரவு அவன்தான் தட்டு வைத்தான்.
பாடம் நன்றாக வந்ததா என்றான்.
படம் வந்தது, என் குரல் வரவில்லை என்றேன்.
உப்பை நகர்த்தினான். சோளரொட்டியைப் பிய்த்தான்.
"லம்சீரா," என்றான்,
"ஒன்று..."

நான் ஒரு வாய் அவரை எடுத்துக்கொண்டு
அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்:
கொத்தமல்லி போதும்.

கரண்டி பாதி வழியில் நின்றது.